இரைப்பை லிம்போமாவுக்கு ரேடியேஷன்: பக்கத்து உறுப்புகளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்

இரைப்பையில் லிம்போமா (நிணநீர் செல்களில் வரும் புற்றுநோய்) இருக்கிறது, ரேடியேஷன் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான், இது போய்விடுமா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த நோயில் அதற்குப் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கிறது. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இரைப்பைக்குப் பின்னால் இடது சிறுநீரகம், வலப்பக்கம் கல்லீரல், மேலே உதரவிதானத்தைத் தாண்டினால் இதயம், இடது ஓரத்தில் மண்ணீரல், முதுகுப்பக்கம் கணையம் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற இடத்தில், நோய் போன பிறகு இன்னும் 20, 30 வருஷம் வாழப்போகிற ஒருவருக்கு இவை எதையும் கெடுக்காமல் கதிரை எப்படிச் செலுத்துவது? இந்தச் சிகிச்சையில் திறமையும் உழைப்பும் அங்கேதான் வேண்டியிருக்கிறது. கட்டியைக் கரைப்பது இதில் சுலபமான பாதி.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இரைப்பையில் வருகிற லிம்போமாக்களில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று மெதுவாக வளரும் மால்ட் லிம்போமா. பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரண்டு பிரிட்டிஷ் நோயியல் நிபுணர்கள் 1983இல் இதைத் தனி வகையாக அடையாளம் காட்டினார்கள். இரண்டாவது வேகமாக வளரும் பெரிய பி செல் லிம்போமா. மால்ட் வகைக்குப் பின்னால் பெரும்பாலும் எச். பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறது. பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த அதே கிருமிதான். 1993இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, இந்தக் கிருமியை ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழித்தாலே லிம்போமாவும் சுருங்கிப் போகிறது என்று காட்டியது. அதனால் இன்றைக்கும் முதலில் கொடுப்பது மாத்திரைதான், ரேடியேஷன் இல்லை. கிருமி போன பிறகு லிம்போமா முழுக்க மறைய ஒரு வருஷத்துக்கு மேலே கூட ஆகலாம், அதுவரை எண்டோஸ்கோபி செய்து பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

மாத்திரைக்கு மசியாதவர்கள், கிருமியே இல்லாமல் நோய் வந்தவர்கள், 11ஆம் 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொண்ட வகை உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் ரேடியேஷன் வருகிறது. பெரிய பி செல் வகைக்கு ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துக் கீமோ முதலில், அதன் பிறகு தேவைப்பட்டால் ரேடியேஷன்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 1998இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இந்தத் துறையில் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. மால்ட் லிம்போமா உள்ள 17 பேருக்கு சுமார் 30 கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) ரேடியேஷன் கொடுத்தார்கள், 17 பேருக்கும் நோய் முழுக்க மறைந்தது. 30 கிரே என்றால் எவ்வளவு என்று புரிய ஒரு ஒப்பீடு: தொண்டை, வாய்ப் புற்றுநோய்களுக்கு 66 முதல் 70 கிரே வரை போகிறது. இரைப்பையில் வருகிற சாதாரணப் புற்றுநோயான கார்சினோமாவுக்கே 45 கிரே. லிம்போமா செல்கள் கதிருக்கு அவ்வளவு சீக்கிரம் சாகிறவை, 24 முதல் 30 கிரே போதும். அதை ஒரே நாளில் கொடுப்பதில்லை, ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 கிரே என்று பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று நான்கு வாரம்.

அளவு குறைவு என்பது பாதுகாப்புக்கு நல்ல செய்தி, ஆனால் முழுச் செய்தி இல்லை. தண்டுவடம் 45 கிரே வரை தாங்கும், எனவே அதைப் பற்றி இங்கே பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. குடலும் இரைப்பைச் சுவரும் 30 கிரேயைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சிறுநீரகம் தாங்காது. இதயத்துக்கோ, இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு போட்டுச் சொல்லும்படியான எல்லை எதுவும் தென்படவில்லை. 30 கிரே என்பது சில உறுப்புகளுக்குச் சாதாரணம், வேறு சிலவற்றுக்கு அதிகம்.

சிறுநீரகத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிகிச்சையின் திட்டத்தை முக்கால்வாசி அதுதான் தீர்மானிக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், விரைப் புற்றுநோய்க்காக வயிற்றுப் பகுதியில் ரேடியேஷன் வாங்கிய ஆண்களில் சிலருக்கு மாதங்கள் கழித்து ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிலர் இறந்தே போனார்கள். அந்த டாக்டர்கள் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு சிறுநீரகங்களுக்கும் முழுசாக ஐந்து வாரத்தில் சுமார் 23 கிரே போனால் ஆபத்து என்று எழுதிவைத்தார்கள். பிறகு 2010இல் வந்த, உலகம் முழுக்கப் பயன்படுகிற தொகுப்பு வழிகாட்டுதல் அதை இன்னும் இறுக்கியது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து வாங்கும் சராசரி 18 கிரேக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 15க்குள். அதற்குள் இருந்தால் பாதிப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

இதில் கவனிக்க வேண்டியது சராசரி என்ற சொல். சிறுநீரகம் லட்சக்கணக்கான சின்ன வடிகட்டிகளால் ஆனது, அவை தனித்தனியாக வேலை செய்கின்றன. மேல்முனையில் கொஞ்சம் போனாலும் மீதி சமாளித்துக்கொள்ளும். கல்லீரலும் நுரையீரலும் இதே மாதிரிதான். எனவே கேள்வி எவ்வளவு கதிர் படுகிறது என்பதோடு நிற்பதில்லை, உறுப்பில் எவ்வளவு பகுதியில் படுகிறது என்பதும் சேர்ந்தே வருகிறது. திட்டம் போடும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கோடு வரைந்து காட்டும், இந்த உறுப்பில் இத்தனை சதவீதத்துக்கு இத்தனை கிரே போகிறது என்று. டாக்டரும் கதிரின் அளவைக் கணக்கிடும் மெடிக்கல் பிசிசிஸ்ட்டும் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கதிரின் திசையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தக் காலத்தில் முன்னாலிருந்து ஒரு கதிர், பின்னாலிருந்து ஒரு கதிர் என்று கொடுத்தார்கள். இடது சிறுநீரகம் இரைப்பைக்கு நேர் பின்னால் இருப்பதால் அதன் மேல்பாதி முழு அளவையும் வாங்கிவிடும். இதைத் தவிர்க்கப் பக்கவாட்டுக் கதிர்களைச் சேர்த்தார்கள், ஏனென்றால் பக்கத்திலிருந்து பார்த்தால் இரைப்பை முன்னாலும் சிறுநீரகம் பின்னாலும் விலகி நிற்கும். ஆனால் வலப்பக்கத்துக் கதிர் கல்லீரலைக் குறுக்கே கடந்துதான் வர முடியும். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றின் மேல் சுமையை ஏற்றுகிற கணக்கு இது, எந்த மெஷினிலும் இந்தக் கணக்கு மறைவதில்லை.

இன்னொன்று, இங்கே பலரும் கேட்காமல் விட்டுவிடுவது. வலது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்தாக வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) சரியாக இருந்தாலே போதும் என்று சொல்ல முடியாது, ஒரே சிறுநீரகம் முழு வேலையையும் செய்துகொண்டிருந்தாலும் கிரியேட்டினின் சாதாரணமாகக் காட்டலாம். கல் அடைத்து, வீங்கி, சுருங்கிப்போன வலது சிறுநீரகம் உள்ள ஒருவருக்கு இடது சிறுநீரகம்தான் எல்லாமே. அதைத் தெரியாமல் சராசரிக் கணக்கில் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்து இரண்டும் எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தனித்தனியாகப் பார்த்துவிடலாம். நம் ஊரில் சர்க்கரையும் பிபியும் இல்லாத வீடு குறைவு, எனவே இந்தப் பரிசோதனையைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சரி, அப்படியானால் கதிர் படும் இடத்தையே சின்னதாக்கிவிட வேண்டியதுதானே? எங்கே கட்டி தெரிகிறதோ அங்கே மட்டும் கொடுத்தால் போதாதா? மற்ற இடத்து லிம்போமாக்களில் அப்படித்தான் போகிறார்கள். இரைப்பையில் முடியாது. மால்ட் லிம்போமா இரைப்பைச் சுவரில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, எண்டோஸ்கோபியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் திட்டுகளாக வேறு இடங்களிலும் இருக்கும். அதனால் உணவுக்குழாய் வந்து சேரும் இடத்திலிருந்து முன்சிறுகுடலின் தொடக்கம் வரை முழு இரைப்பையும் இலக்கு. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய முன்னேற்றம்தான். 1990களில் ஜெர்மனியில் வயிற்றுப் பகுதிக்கு அகலமாக 30 கிரே கொடுத்து, இரைப்பைக்கு மட்டும் மேலும் 10 கிரே சேர்த்தார்கள். இரைப்பையை வெட்டி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டியதும் அதே ஆய்வுதான்.

ஆக, இலக்கைக் குறைக்க முடியாது, அளவை ஓர் எல்லைக்கு மேல் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று, இரைப்பையைச் சுற்றி விடுகிற ஓரம். இரைப்பை ஓரிடத்தில் நிற்காத உறுப்பு. மூச்சு விடும்போது மேலும் கீழுமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போய் வரும். துணிப்பை மாதிரி, உள்ளே சாமான் இருந்தால் ஒரு வடிவம், காலியாக இருந்தால் வேறு வடிவம். எங்கே நகர்ந்தாலும் கதிர் தவறக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் வரை கூடுதலாக விட்டார்கள். அந்தக் கூடுதல் இடத்தில் இருப்பதெல்லாம் நல்ல உறுப்புகள்.

ஒரு சென்டிமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலியான இரைப்பையை 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டால் அதன் கன அளவு சுமார் 268 மில்லி. சுற்றிலும் 1 சென்டிமீட்டர் சேர்த்தால் 524 மில்லி ஆகிறது. 2 சென்டிமீட்டர் சேர்த்தால் 905. அதாவது ஒரு சென்டிமீட்டர் ஓரம் விட்டால் 256 மில்லி நல்ல திசு உள்ளே மாட்டுகிறது, இரண்டு விட்டால் 637 மில்லி. இரண்டரை மடங்கு. நிஜ இரைப்பை உருண்டை இல்லைதான், ஆனால் போக்கு இதுதான். இந்த ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் சுருக்குவதற்காகத்தான் இத்தனை பாடும்.

சுருக்குவதற்கான முதல் வழிக்கு எந்த விலையுயர்ந்த மெஷினும் தேவையில்லை, வெறும் வயிறு போதும். திட்டத்துக்கான சி.டி. ஸ்கேனுக்கு வரும்போது மூன்று நான்கு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும், அப்புறம் ஒவ்வொரு நாள் சிகிச்சைக்கும் அதேபோல வர வேண்டும். அதனால்தான் காலை நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. ஸ்கேன் அன்றைக்கு வெறும் வயிறு, நாலாம் நாள் இரண்டு இட்லியும் காபியும் என்றால் இரைப்பை வீங்கி, கதிர் படும் எல்லையை விட்டு வெளியே போயிருக்கும். அதாவது நோய் உள்ள சுவருக்குக் கதிர் போகாது, நல்ல உறுப்புக்குப் போகும். எத்தனை கோடி ரூபாய் மெஷினாக இருந்தாலும் அந்த இரண்டு இட்லியை ஈடுகட்டுவது கஷ்டம். சோடா, கூல்டிரிங்க்ஸ் எல்லாம் காற்றை நிரப்பும், அதுவும் வேண்டாம். நாள்பட்ட சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரைப்பை காலியாக அதிக நேரம் எடுக்கலாம், அவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காலையில் போடும் இன்சுலினையும் மாத்திரையையும் எப்படி மாற்றுவது என்றும் கேட்டுவிட வேண்டும். பட்டினியாக வந்து சர்க்கரை இறங்கி மயங்கி விழுவது இன்னொரு ஆபத்து.

இரண்டாவது வழி மூச்சு. சாதாரணமாக மூச்சு விடும்போதே இரைப்பை எங்கெல்லாம் போய் வருகிறது என்று நேரத்தோடு சேர்த்துப் படமெடுக்கிற சி.டி. இருக்கிறது, அதை வைத்து ஒவ்வொருவருக்கும் வேண்டிய ஓரத்தை மட்டும் விடலாம். அதைவிட நல்லது, முடிந்தவர்களுக்கு, ஆழமாக மூச்சை இழுத்து 20, 30 விநாடி அடக்கி வைத்திருக்கும்போது மட்டும் கதிரைச் செலுத்துவது. மூச்சை இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கும், இரைப்பையும் அதோடு இறங்கும், நடுவில் நுரையீரல் விரியும், இதயத்துக்கும் இரைப்பைக்கும் இடையில் தூரம் கூடும். வயதானவர்களுக்கும் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் இது முடியாமல் போகலாம். ஆனால் முன்கூட்டி வீட்டிலேயே பழகிப்பார்த்தால் பலருக்கு வந்துவிடும்.

மூன்றாவது, தினமும் கதிர் கொடுப்பதற்கு முன்னால் அதே மெஷினிலேயே ஒரு சின்ன சி.டி. எடுத்து இரைப்பை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. முதுகெலும்பை மட்டும் எக்ஸ்ரேயில் பொருத்திப் பார்ப்பது இரைப்பைக்குப் போதாது, எலும்பு நின்ற இடத்தில் நிற்கும், இரைப்பை நிற்காது. வெறும் வயிறு, மூச்சு, தினசரிப் படம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஓரத்தைத் துணிந்து சுருக்க முடியும். ஒன்று இல்லாமல் மற்றதை நம்பிச் சுருக்கினால் நோயைத் தவறவிடுகிற ஆபத்து இருக்கிறது.

இதயத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், 2013இல் சுவீடன், டென்மார்க் பெண்களை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வு. மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் வாங்கிய 2,168 பேரைப் பார்த்ததில், இதயம் வாங்கிய சராசரி அளவு ஒரு கிரே கூடக்கூட மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பிரச்சினைகள் வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடியது. முதல் ஐந்து வருஷத்துக்குள் தொடங்கி மூன்றாவது பத்தாண்டு வரை அந்த விளைவு தொடர்ந்தது. அது வேறு நோய், கதிர் படும் இடமும் வேறுதான். ஆனாலும் இதயத்துக்கு ஒரு கிரேயைக் குறைத்தாலும் பலன் உண்டு என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆர்-சாப் எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதில் உள்ள டாக்ஸோருபிசின் ஏற்கெனவே இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடிய மருந்து.

கல்லீரலைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் இருந்தால் சராசரி 30 கிரேக்குள் என்பது வழக்கமான எல்லை, இந்தச் சிகிச்சையில் அதற்கு மிகக் கீழேயே இருக்க முடியும். மஞ்சள்காமாலை வைரஸ்கள், சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. கணையத்தையும் மண்ணீரலையும் நெடுநாள் யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை, அது தப்பு என்றே நினைக்கிறேன். குழந்தைப் பருவத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களை ஆராய்ந்த 2012ஆம் வருஷத்து பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆய்வில், கணையத்தின் வால் பகுதி 10 கிரேயோ அதற்கு மேலோ வாங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் அதிகம் வந்திருந்தது. அந்த வால் பகுதி இரைப்பைக்குப் பின்னால், மண்ணீரலை நோக்கிப் போகிறது. பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும் சர்க்கரை இவ்வளவு பரவலாக இருக்கிற நம் மக்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. மண்ணீரல் அதிகக் கதிர் வாங்கினால் சுருங்கி, நிமோனியா போன்ற சில தொற்றுகளை எதிர்க்கும் சக்தி குறையும். அதற்கான தடுப்பூசிகளைப் பற்றிச் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைக்கலாம்.

மெஷின்களைப் பற்றிப் பேசாமல் முடியாது, விளம்பரங்கள் எல்லாம் அதைத்தான் பேசுகின்றன. ஐ.எம்.ஆர்.டி., வி.மேட் போன்ற முறைகளில் பல திசைகளிலிருந்து, கதிரின் வலிமையைக் கூட்டிக் குறைத்து, இரைப்பையின் வடிவத்துக்கே வளைத்துக் கொடுக்க முடிகிறது. இடது சிறுநீரகத்தையும் இதயத்தையும் அதிக அளவிலிருந்து காப்பாற்ற இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் சுற்றிச் சுற்றிக் கொடுப்பதால், முன்பு ஒன்றுமே வாங்காமல் இருந்த வலது சிறுநீரகமும் குடலும் கல்லீரலின் பெரும்பகுதியும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். 35 வயதில் சிகிச்சை பெறுகிறவருக்கு அந்தக் குறைந்த அளவு பரவுவதும் யோசிக்க வேண்டிய விஷயம், பின்னாளில் இரண்டாவது புற்றுநோய் என்ற சின்ன ஆபத்து இருப்பதால். அதனால் சிலருக்கு பழைய நாலு கதிர் முறையே பொருத்தமாக இருக்கலாம், இரண்டு திட்டமும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற டாக்டர் நல்ல டாக்டர். சென்னையில் 2019இலிருந்து புரோட்டான் சிகிச்சை இருக்கிறது, அது கதிரைக் குறிப்பிட்ட ஆழத்தில் நிறுத்திவிடும் என்பது பெரிய வசதி. ஆனால் இரைப்பைக்குள் இன்று காற்று இருக்கும் நாளை இருக்காது, காற்று மாறினால் புரோட்டான் நிற்கும் ஆழமும் மாறும். எனவே இந்த உறுப்புக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது சரியில்லை.

இனி வரப்போவதில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது மெஷின் இல்லை, அளவைக் குறைக்கும் முயற்சிதான். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் மால்ட் வகை உள்ளவர்களுக்கு முதலில் வெறும் 4 கிரே, இரண்டே நாள், கொடுத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தார்கள். தேவைப்பட்டால் மட்டும் மீதி 20 கிரே என்று திட்டம். பெரும்பாலோருக்கு அந்த 4 கிரேயிலேயே நோய் முழுக்க மறைந்தது. 24 பேரை மட்டும் வைத்துச் செய்தது, நீண்ட காலம் கவனித்துப் பார்க்க வேண்டும். தவிர, வேறு இடங்களில் வரும் மெதுவான லிம்போமாக்களில் 4 கிரேயையும் 24 கிரேயையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வில் 24 கிரேதான் நோயை நீண்ட நாள் கட்டுப்படுத்தியது. அதனால் 4 கிரேயே எல்லோருக்கும் போதும் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் முதலில் 4, பார்த்துவிட்டு மீதி என்ற வரிசை நோயாளிக்கு எதையும் இழக்க வைப்பதாகத் தெரியவில்லை, உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

சிகிச்சை நாட்களில் குமட்டல், சோர்வு, பசியின்மை வரும், கதிருக்கு முன்னால் ஒன்டன்செட்ரான் மாத்திரை போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முடிந்த பிறகு வருஷா வருஷம் பிபி, கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், எண்டோஸ்கோபியையும் விடக் கூடாது, ஏனென்றால் மால்ட் லிம்போமா வந்த இரைப்பையில் பின்னாளில் சாதாரணப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். ரேடியேஷன் முடிகிற அன்றைக்கே, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாளில், இடது வலது சிறுநீரகங்களுக்கும் இதயத்துக்கும் சராசரி எத்தனை என்று எழுதிய சம்மரியைக் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து பிபி ஏறினால் பார்க்கப்போகிறவர் வேறு டாக்டராக இருப்பார், அவருக்கு அந்தத் தாள் வேண்டும்.